எச்சில் இலை இல்லாத ஆல்பம்

கல்யாண ஆல்பத்தில் எச்சில் இலை கொட்டும் இடத்தை யாரும் படம் பிடிப்பதில்லை. எத்தனை பந்தி ஓடியது என்பதற்குச் சாட்சி மண்டபத்தின் பின்பக்கம்தான் கிடக்கிறது. மாடும் நாயும் மொய்க்கிற அந்த மூலைக்குப் போட்டோகிராபர் போகமாட்டார். போகச் சொல்லி யாரும் கேட்கவும் மாட்டார்கள். அதில் தப்பொன்றும் இல்லை, ஆல்பம் வீட்டாருக்கானது. ஒரு சுரங்க நிறுவனமோ, உருக்காலையோ, சிகரெட் நிறுவனமோ வருடா வருடம் பங்குதாரருக்கும் ஊருக்கும் ஒப்பிக்கிற கணக்கும் அதே ஆல்பம் மாதிரி இருந்தால் என்ன செய்வது?

நீடித்த வளர்ச்சி அறிக்கை, நிலைத்தன்மை அறிக்கை என்று அதற்குப் பல பெயர். நாலைந்து நிறுவனங்களின் அறிக்கையைப் பக்கம் பக்கமாக வைத்துப் புரட்டினால் ஒன்று சட்டென்று பிடிபடும். தோண்டுகிறவர், உருக்குகிறவர், எரிக்கிறவர், புகைக்க வைக்கிறவர் எல்லாருக்கும் ஒரே பச்சைதான். உள்ளே புத்தகப் பையோடு ஒரு சிறுமி, தையல் மிஷின் முன்னால் ஒரு பெண், வரப்பில் நின்று சிரிக்கிற விவசாயி, ஹெல்மெட் போட்ட இன்ஜினீயர், ட்ரோனில் எடுத்த ஏரி. கூடவே கட்டாயம் ஒரு நாற்று: இரண்டு உள்ளங்கை, அதில் ஒரு பிடி மண், மண்ணில் இரண்டு இலை. அந்தக் கையைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். நகம் வெட்டிச் சுத்தமாக இருக்கும். காய்ப்பு இருக்காது, வெட்டுத் தழும்பு இருக்காது. எந்த ஊர் மண், யாருடைய கை, செடியை எங்கே நட்டார்கள், அது பிழைத்ததா என்ற ஒரு வரியும் கீழே இருக்காது. இணையப் படக் கிடங்கில் காசு கொடுத்து வாங்கிய படமாகக்கூட இருக்கலாம்.

சேலம், நாமக்கல் பக்கத்து ஆளுக்கு இந்தப் பச்சையைப் பார்த்தால் சிரிப்பு வரக் காரணம் இருக்கிறது.

மேட்டூரில் மால்கோ என்றால் இன்றும் எல்லாருக்கும் தெரியும். மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி. 1960-களில் உற்பத்தியைத் தொடங்கியது. 1995-ல் ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்கு வந்து, பிறகு வேதாந்தா என்ற பெரிய குடைக்குள் போனது. அதற்கு வேண்டிய பாக்சைட் கனிமம் ஏற்காட்டிலிருந்தும், எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற கொல்லிமலையிலிருந்தும் வெட்டி இறக்கப்பட்டது. ஒரு கிலோ அலுமினியம் வேண்டுமானால் ஏறக்குறைய நான்கு கிலோ பாக்சைட் வேண்டும். அதைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து அலுமினாவைப் பிரித்தபின் மிஞ்சுவது சிவப்புச் சேறு, ஆலைக்காரர்கள் மொழியில் ‘ரெட் மட்’. ஒரு டன் அலுமினாவுக்கு ஒரு டன் முதல் ஒன்றரை டன் வரை இந்தச் சேறு தேறும். ஈரமாக இருந்தால் குழம்பு; காய்ந்தால் மாவு. கோடைக் காற்றில் கிளம்பினால் கொடியில் காய்கிற வெள்ளை வேட்டியைக் கேட்டுக்கொண்டா படியும்? காரம் மிகுந்தது என்பதால் கிணற்றில் கலந்தால் தண்ணீர் கெடும். 2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியின் அய்க்கா என்ற ஊரில் இதே சேற்றுக் குளத்தின் கரை உடைந்து பத்துப் பேர் செத்தார்கள். பக்கத்துக் கிராமங்கள் செங்கல் நிறமாகக் கிடந்த அந்த வான்வழிப் படத்தைப் பார்த்துத்தான் உலகத்தில் பலருக்கு ரெட் மட் என்றால் என்னவென்றே தெரிந்தது.

அதற்கு மூன்று வருடம் முன்பே நார்வேக்காரர்கள் மேட்டூரைப் பற்றி எழுதிவிட்டார்கள். எண்ணெய்ப் பணத்தைப் போட்டு வைத்திருக்கிற அந்நாட்டு அரசு ஓய்வூதிய நிதி, எந்தக் கம்பெனியில் முதலீடு செய்யலாம், எதில் கூடாது என்று பார்க்க ஓர் அறநெறிக் குழுவை வைத்திருக்கிறது. அந்தக் குழு வேதாந்தாவின் நான்கு துணை நிறுவனங்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது. தூத்துக்குடி தாமிர ஆலை, சத்தீஸ்கர் கோர்பாவின் பால்கோ, ஒடிசா லாஞ்சிகரின் அலுமினா ஆலை, நான்காவதாக நம்முடைய மேட்டூர் மால்கோ. சுற்றுச்சூழல் கேடும் மனித உரிமை மீறலும் தொடரும் அபாயம் ஏற்க முடியாதது என்று 2007 மே மாதம் பரிந்துரை போனது. அந்த ஆண்டு கடைசிக்குள் வேதாந்தா, ஸ்டெர்லைட், மால்கோ மூன்றையும் நார்வே தன் முதலீட்டிலிருந்து விலக்கிவிட்டது. ஆஸ்லோவில் இருப்பவர்கள் நம்பியது அட்டைப்படத்தை அல்ல. கழிவு எங்கே கொட்டப்படுகிறது, எவ்வளவு, பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டார்கள், அவ்வளவுதான். 2010 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபையும் ஒடிசாவின் நியம்கிரி மலையில் சுரங்கம் தோண்டும் விவகாரத்தை முன்வைத்துத் தன்னிடம் இருந்த வேதாந்தா பங்குகளை விற்றது.

மால்கோவில் அலுமினிய உற்பத்தி 2008-ல் நின்றது. வேதாந்தாவின் படம் மட்டும் நிற்கவில்லை. 2012 ஜனவரியில் ‘கிரியேட்டிங் ஹேப்பினஸ்’ என்று ஒரு பெரிய விளம்பர இயக்கத்தை அந்த நிறுவனம் தொடங்கியது. டிவியில் ராஜஸ்தானின் பின்னோ என்ற சிறுமி துள்ளித் திரிந்தாள். கூடவே, நிறுவனத்தின் சமூகப் பணிகளைப் பற்றிக் குறும்படம் எடுக்கத் திரைப்பட மாணவர்களுக்குப் போட்டி. நடுவர்களாக விளம்பர உலகின் பியூஷ் பாண்டே, இயக்குநர் ஷியாம் பெனகல், நடிகை குல் பனாக். எதிர்ப்புக் கிளம்பியதும் பெனகலும் குல் பனாக்கும் விலகிக்கொண்டார்கள். மறுபக்கம் ‘ஃபேக்கிங் ஹேப்பினஸ்’ என்று எதிர்க்குழு தானும் ஒரு போட்டியை அறிவித்தது. பின்னோவின் சிரிப்பு நிஜமாகவே இருக்கட்டும். அவள் ஊரில் அங்கன்வாடி நன்றாக நடக்கட்டும், அதற்கு அந்தக் கம்பெனியே செலவழித்திருக்கட்டும். நியம்கிரியில் டோங்கிரியா கோந்த் பழங்குடி மக்கள் சுரங்கத்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு ராஜஸ்தான் சிறுமியின் சிரிப்பு எப்படிப் பதிலாகும்? மறு ஆண்டே, 2013-ல், அந்த மலையைச் சுற்றி நடந்த பன்னிரண்டு கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்று ஒருமனதாகச் சொல்லி அனுப்பின.

இந்த மாதிரிப் படங்களில் பொய் இருப்பதில்லை என்பதுதான் அவற்றின் சாமர்த்தியம். நெய்வேலியை எடுத்துக்கொள்ளலாம். சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண்மேடுகளில் என்எல்சி மரம் வளர்த்திருப்பது உண்மை. பறவைகள் வருவதும் உண்மை. 2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் பரவனாற்றுக் கால்வாய்க்காக, நெற்பயிர் நின்ற வயலில் பொக்லைன் இறங்கியதும் அதே அளவு உண்மை. நிலம் முன்பே கையகப்படுத்தியது, பயிர் வைக்க வேண்டாமென்று சொல்லியிருந்தோம் என்பது நிறுவனத்தின் வாதம். அந்த வாதத்துக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் எந்தப் படம் வழவழத் தாளில் அச்சாகும், எந்தப் படம் பத்திரிகைக்காரர் எடுத்தால்தான் உண்டு என்பதை வாசகர் யோசிக்காமலே சொல்லிவிடுவார்.

சில சமயம் பொய்யும் உண்டு. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் பிபி நிறுவனத்துக்காகத் துளையிட்டுக்கொண்டிருந்த எண்ணெய்த் தளம் வெடித்துப் பதினோரு தொழிலாளர்கள் இறந்தார்கள். கடலடியில் எண்ணெய் பீறிட்ட காட்சியை நேரலையில் விடும்படி அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் நெருக்கியபிறகுதான் அந்த நிறுவனம் விட்டது. அந்த ஜூலையில் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையின் படமொன்றை அது வெளியிட்டது. வரிசையாகத் திரைகள், திரை முழுக்கக் கடலடிக் காட்சி, அதை உற்றுப் பார்க்கும் ஊழியர்கள். உண்மையில் சில திரைகள் காலியாக இருந்தன. வேறு காட்சிகளை ஒட்டவைத்திருந்தார்கள். ஒட்டு வேலை சுமார் ரகம் என்பதால் மாட்டிக்கொண்டார்கள். 2000-ல் சூரியகாந்தி போல பச்சையும் மஞ்சளுமாகச் சின்னத்தை மாற்றி, ‘பெட்ரோலியத்துக்கு அப்பால்’ என்று மார்தட்டியதும் இதே நிறுவனம்தான்.

ஷெல் கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போய், ஆலைப் புகைபோக்கியிலிருந்து புகைக்குப் பதிலாகப் பூக்கள் கிளம்புகிற மாதிரி ஒரு விளம்பரம் போட்டது. தன் கரிம வாயுவில் கொஞ்சத்தைப் பசுமைக்குடில்களுக்குப் பூ வளர்க்கக் கொடுக்கிறதாம். கொஞ்சம் என்றால், அது விடுகிற மொத்தத்தில் மிகச் சொற்பம். 2007 நவம்பரில் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் அந்த விளம்பரம் மக்களைத் தவறாக நினைக்க வைக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. எழுதிய வாக்கியத்தைப் போல வரைந்த படமும் ஒரு கூற்றுதான்.

நம் ஊரில் சட்டம் எங்கே நிற்கிறது? சிகரெட் பெட்டியைப் பார்த்தால் படத்தின் பலம் அரசுக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் தோன்றும். 2016 ஏப்ரல் முதல் பெட்டியின் இரண்டு பக்கமும் 85 சதவீத இடத்தைப் புற்றுநோய்ப் படமும் எச்சரிக்கையும் பிடித்திருக்க வேண்டும். எழுத்து மட்டும் போதாது, படம் வேண்டும் என்று போராடிக் கொண்டுவந்த விதி அது. அதே சிகரெட்டைச் செய்கிற ஐடிசி, கரிமத்திலும் நீரிலும் திடக்கழிவிலும் தான் எடுப்பதைவிடத் திருப்பிக் கொடுப்பதே அதிகம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. தடுப்பணையும் மர வளர்ப்பும் பொய்யென்று சொல்ல முகாந்திரம் இல்லை. ஆனால் பெட்டிக் கடையில் வாங்குகிறவன் கையில் அழுகிய தொண்டை. பங்கு வாங்குகிறவன் கையில் பச்சைக் காடு. ஒரே சரக்கு, இரண்டு வாசகர், இரண்டு படம். முதலாவதுக்கு மட்டும்தான் அளவும் நிறமும் சொல்லிச் சட்டம் இருக்கிறது.

2021 மே மாதம், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்துகிற செபி ஒரு நல்ல காரியம் செய்தது. பி.ஆர்.எஸ்.ஆர். என்ற படிவத்தைக் கொண்டுவந்து, 2022-23 நிதியாண்டு முதல் சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கியது. தண்ணீர் எவ்வளவு எடுத்தாய், எவ்வளவு வெளியே விட்டாய், எத்தனை டன் கழிவு, எவ்வளவு அபராதம் என்று கட்டம் கட்டிக் கேட்கிறது. பிளாஸ்டிக், பேட்டரி, மருத்துவக் கழிவு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி உண்டு. ஓர் அலுமினா ஆலையின் சிவப்புச் சேறு ‘மற்றவை’ என்ற வரியில்தான் வரும். அதுவும் ஆண்டறிக்கையின் எத்தனையோ பக்கங்களுக்குப் பிறகு பொடி எழுத்தில். முன்பக்கத்தில் முழுத்தாளுக்கு நாற்றும் சிறுமியும். பின்னால் பூதக்கண்ணாடி வைத்துத் தேட ஒரு வரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பூசணிக் கொடியின் படத்தைப் போட்டால் மறைத்துவிடலாம் போலிருக்கிறது.

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், சூழலுக்கு நல்லது என்று போலியாகக் காட்டுகிற பசுமைப் பூச்சைத் தடுக்க வழிகாட்டு விதிகளை அறிவித்தது. தவறாக வழிநடத்துகிற சொல், சின்னம், படம் எல்லாம் குற்றம் என்றது. அடுத்த மூச்சிலேயே, பொதுவான வண்ணங்களும் பொதுவான படங்களும் ஏமாற்று வேலையாக இல்லாதவரை பசுமைப் பூச்சில் சேராது என்று விலக்கும் கொடுத்தது. எந்த ஊர் என்றே தெரியாத நாற்றுப் படத்தைவிடப் பொதுவான படம் உலகத்தில் உண்டா? போதாததற்கு, அந்த விதிகள் பொருளையும் சேவையையும் விளம்பரப்படுத்துவதைப் பற்றியவை. ஆண்டறிக்கையின் வழவழப் பக்கங்கள் இரண்டு வேலிக்கும் நடுவே தாராளமாக மேய்கின்றன.

போட்டோவை விட்டுத் தள்ளினாலும் வரைபடம் இருக்கிறது. ஓர் ஆலையின் புகை அளவு 100-லிருந்து 96-க்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். பட்டை வரைபடத்தைப் பூஜ்யத்திலிருந்து வரைந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 95-லிருந்து வரைந்தால் இரண்டாவது பட்டை முதல் பட்டையில் ஐந்தில் ஒரு பங்குதான் நிற்கும். எண் நான்கு சதவீதம், படம் எண்பது சதவீதம். இன்னொரு கைவேலை, மொத்தத்தைச் சொல்லாமல் டன்னுக்கு இவ்வளவு என்று சொல்வது. டன்னுக்கான புகை 5 சதவீதம் குறைந்து, உற்பத்தி 20 சதவீதம் கூடினால், ஊரின்மேல் படிகிற புகை 14 சதவீதம் ஏறியிருக்கும். அறிக்கையில் மட்டும் பச்சை அம்பு கீழே இறங்கும்.

நிறுவனங்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. நல்லது செய்தால் அதைக் காட்டக் கூடாதா என்பார்கள். தாராளமாகக் காட்டலாம். காட்ட வேண்டியதைக் காட்டுவதில்லை என்பதுதான் குறை. மேட்டூரில் கெம்பிளாஸ்ட் சன்மார் ஆலை, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாட்டை 2009-ல் செய்ததாகச் சொல்கிறது. அதற்கு முன் அந்த வட்டாரத்து மக்கள் தண்ணீரைப் பற்றி எத்தனை மனு எழுதினார்கள் என்பது மேட்டூருக்குத் தெரியும். அப்படியோர் ஏற்பாடு பார்க்க அழகாக இருக்காது: குழாய், சவ்வு வடிகட்டி, ஆவியாக்கும் கொதிகலன், கடைசியில் மூட்டை மூட்டையாக உப்பு. ஆனால் ஊர் பார்க்க விரும்புவது அந்த உப்பு மூட்டையை. அது எங்கே போகிறது என்பதை. எந்த ஆலையானாலும் ஆயிரம் நாற்றைவிட அந்த ஒரு படம்தான் அதற்கு மரியாதை தேடித் தரும். விளம்பரக் கம்பெனிக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவருக்குச் சூரியன் சாய்கிற நேரத்து மஞ்சள் வெளிச்சம் வேண்டும்.

இதைப் பெரிய கம்பெனிகளின் பழக்கம் என்று மட்டும் ஒதுக்கவும் முடியாது. நாமக்கல் முட்டையை நகரத்தில் விற்கிற அட்டைப் பெட்டிகளில் கோழி புல்வெளியில் மேய்கிறது; பண்ணையில் அது ஓர் ஏ-4 தாள் பரப்புக்கும் குறைவான இடத்தில் கம்பிக் கூண்டில் நிற்கிறது. அந்தக் கூண்டு முறை கொடுமையானது என்று சட்ட ஆணையமே 2017-ல் எழுதிவைத்தது. சேலத்து ஜவ்வரிசியின் கதை இன்னும் வேடிக்கை. பாக்கெட் படம் போலச் சரக்கும் வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் வடக்கே விலை போகும் என்று சிலர் ரசாயனம் போட்டு வெளுக்க, உணவுப் பாதுகாப்புத் துறை ஆலை ஆலையாகச் சோதனைக்கு அலைகிறது. இங்கே படத்துக்கு ஏற்றபடி பொருளையே மாற்றிவிட்டார்கள்.

சரி, என்ன கேட்கலாம்? பெரிதாக ஒன்றும் வேண்டாம். நூறு நாள் வேலைக்குப் போன கிழவியிடம் அரசு கேட்டதைக் கேட்டால் போதும். 2023 ஜனவரி முதல் அந்த வேலைத்தளங்களில் நாளுக்கு இரண்டு முறை, இடமும் நேரமும் பதிவாகிற படம் எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்பது கட்டாயமானது. சிக்னல் இல்லாமல் படம் ஏறாவிட்டால் அன்றைய கூலிக்கே ஆபத்து. அதிலும் தில்லுமுல்லு நடந்தது, படத்தையே படம் எடுத்து ஏற்றினார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்பியது வேறு கதை. தொகுப்பு வீடு கட்டுகிறவரும் அஸ்திவாரம், ஜன்னல் மட்டம், கூரை என்று ஒவ்வொரு கட்டத்திலும் இடக்குறியோடு படம் காட்டினால்தான் அடுத்த தவணை. சில நூறு ரூபாய்க் கூலிக்கும் சில லட்ச ரூபாய் வீட்டுக்கும் வைத்த கட்டுப்பாடு, ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் நிறுவனத்தின் அறிக்கைக்கு இல்லை.

ஆகவே ஆண்டறிக்கையில் அச்சாகிற ஒவ்வொரு படத்தின் கீழும் ஊர், தேதி, எடுத்தவர் பெயர் வரட்டும். விலைக்கு வாங்கிய படமென்றால் விலைக்கு வாங்கியது என்று எழுதட்டும். சுரங்கம், உருக்காலை, அனல்மின் நிலையம், ரசாயன ஆலை போன்றவை தங்கள் குழி, சேற்றுக் குளம், சாம்பல் ஏரி, கழிவுநீர் வாய்க்கால் ஒவ்வொன்றையும் ஆண்டுதோறும் அதே மாதம், அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் எடுத்த ஒரு படமாகப் போடட்டும். வரைபடம் பூஜ்யத்தில் தொடங்கட்டும். டன் கணக்குப் பக்கத்தில் மொத்தக் கணக்கும் நிற்கட்டும். செபி ஒரு சுற்றறிக்கை போட்டால் முடிகிற வேலை இது. அச்சுக்கூலி ஒரு ரூபாய்கூட ஏறாது.

செபி போடும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசை 1972 முதல் பூமியைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. மேட்டூரில் அலுமினியம் நின்ற அதே 2008-ல்தான் அந்தப் படக் கிடங்கு எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளுக்கு நகர்த்திப் பார்க்கிற வசதியும் உண்டு. சேலம் ஜங்ஷனை ஒட்டி மேக்னசைட் என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அந்தப் பக்கத்து வெள்ளைக்கல் மேடுகள் எத்தனை ஆண்டில் எவ்வளவு பரந்தன என்பதை ஒரு பள்ளிக்கூடக் கணினியில் ஒரு பீரியடுக்குள் பார்த்துவிடலாம். கொல்லிமலை உச்சியையும், ஏற்காட்டுச் சரிவையும், மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் கீழ்க்கரையையும் அப்படியே. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தேதி போட்டிருக்கும்.